கொல்லிமலை ஏறிவரும் மோட்டார் சைக்கிள் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

சனி, ஞாயிறு வந்துவிட்டால் விடியற்காலையிலேயே காரவள்ளி அடிவாரத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, கையுறைகளை மாட்டிக்கொண்டு, தலைக்கவசத்தின்மேல் சிறு காமிராவைப் பொருத்தி, எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் எத்தனை நிமிஷத்தில் ஏறி முடிப்பது என்று ஒருவருக்கொருவர் பந்தயம் கட்டிப் புறப்படுகிற உங்களுக்கு, அந்த வளைவுகளுக்கு மேலே ஆலத்தூர் நாட்டில் மிளகுக் கொடியும் காப்பிச் செடியும் வளர்த்துக்கொண்டு முதுமையைக் கழித்து வருகிற ஒருவன் மனத்திலுள்ளதை மறைக்காமல் எழுதுகிற மடல் இது. கோயமுத்தூர், ஈரோடு, சேலம், திருச்சி, பெங்களூர் என்று பல ஊர்களிலிருந்து நீங்கள் வருகிறீர்கள். உங்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே வந்து பேச எனக்குச் சக்தியில்லை. ஆகையால் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன். பொறுமையோடு கடைசி வரை படியுங்கள் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

வேகத்தை வெறுக்கும் கிழவன் ஒருவன் வாலிபத்தின்மீது பொறாமை கொண்டு எழுதுகிறான் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். மலையிலிருந்து இறங்கிப் பிழைப்புத் தேடிச் சென்னைக்குப் போய், புதுப்பேட்டையில் ஒரு மோட்டார் பட்டறையில் கையில் கிரீஸ் படிய வேலை கற்றுக்கொண்ட எழுபதுகளில், என் பிராயத்துப் பிள்ளைகள் சினிமாவுக்கும் திருவிழாவுக்கும் ஏங்கிக் கிடந்ததுபோல், நான் ஆண்டு முழுவதும் பிப்ரவரி மாதத்துக்காக ஏங்கிக் கிடந்தவன். ஏனென்றால் பிப்ரவரியில்தான் சோழவரம் ரேஸ் நடக்கும். அந்த ஞாபகங்களை உங்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவற்றைச் சொல்லாமல் நான் உங்களிடம் ஒன்றைக் கேட்டால், அது வெறும் உபதேசமாகிவிடும்.

பாரிமுனையில் பஸ் ஏறி, செங்குன்றத்தைத் தாண்டிக் கல்கத்தாச் சாலையில் வடக்கே சென்றால், இரண்டாவது உலக மகாயுத்த காலத்தில் விமானங்கள் இறங்குவதற்காகப் போடப்பட்டு, யுத்தம் முடிந்தபின் கேட்பாரற்றுக் கிடந்த நீண்ட ஓடுபாதை ஒன்று சோழவரத்தில் இருந்தது. 1953-ல் ஆரம்பிக்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற சங்கத்தார் அந்த ஓடுபாதையைப் பந்தயக் களமாக்கி, தேசத்தின் நான்கு திசைகளிலிருந்தும் வண்டிகளையும் ஓட்டுநர்களையும் அங்கே வரவழைத்தார்கள். நிழலுக்கு ஒரு மரமில்லாத அந்தப் பொட்டல் வெளியில், வெயில் சிமெண்டுத் தரையில் பட்டுக் கண்ணைக் கூச, ஆயிரக்கணக்கான ஜனங்கள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கயிற்றுக்கு இந்தப்புறம் நெருக்கியடித்து நிற்க, ஒலிபெருக்கியில் அடுத்த பந்தயத்தின் பெயர் அறிவிக்கப்பட்டதும் எழுகிற ஆரவாரம் இருக்கிறதே, அதைக் கேட்ட செவிகளுக்கு வேறு எந்த உற்சவத்தின் மேளமும் அவ்வளவு கிளர்ச்சியூட்டியதில்லை.

அரச குடும்பத்தார் தங்கள் வெளிநாட்டுக் கார்களைக் கொண்டுவந்து ஓட்டிய அதே தரையில், எங்கள் பட்டறையைப் போன்ற சிறு பட்டறைகளில் இரவெல்லாம் கண்விழித்து இருக்கைகளைக் கழற்றி எறிந்து, கார்புரேட்டரைத் திருத்தித் தயார் செய்த பியட்டும் அம்பாசிடரும் ஹெரால்டும் ஓடின. ஜாவாவும் புல்லட்டும் ராஜ்தூத்தும், பின்னாளில் யெஸ்டியும் ஓடின. பந்தய வண்டிகளில் அக்காலத்தில் ஆமணக்கெண்ணெயில் செய்த மசகெண்ணெயை ஊற்றுவார்கள். அது எரிகிறபோது எழும் இனிப்புக் கலந்த புகை நெடி மூக்கில் பட்ட மாத்திரத்தில், இன்றும் எனக்குச் சோழவரத்து மத்தியானம் கண்முன் வந்து நிற்கிறது. ஏழை பணக்காரன் என்ற பேதம் அந்தக் களத்தில் முற்றிலும் மறைந்துபோயிற்று என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் கொடி அசைந்த பிறகு ஒருவனுடைய கையும் கண்ணும் மனமுமே பேசின என்பதை நான் பார்த்திருக்கிறேன். மலைநாட்டிலிருந்து வந்த கூச்ச சுபாவமுள்ள ஒரு பையனுக்கு அந்தக் காட்சி எவ்வளவு தைரியம் கொடுத்தது என்பதை விவரிக்க எனக்கு வார்த்தை போதாது.

சுற்றுகள் குறைந்த பந்தயங்களில் முதல் வளைவிலேயே முந்திப் பாய்கிறவனை ஜனங்கள் கொண்டாடினார்கள்; எங்கள் பட்டறை மேஸ்திரியோ சுற்றுகள் கூடிய பந்தயம் வரும்வரை காத்திருப்பார். அந்தப் பந்தயத்தில்தான் மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் உண்மையான பரீட்சை நடக்கிறது என்பது அவருடைய சித்தாந்தம். ஆரம்பத்தில் மின்னலைப்போல் பறந்தவர்களுடைய வண்டிகள் ஒவ்வொன்றாகச் சூடேறி, பிரேக் பிடிக்காமல், டயர் தேய்ந்து, ஓரத்தில் புகைந்துகொண்டு நிற்க, நடுவில் எங்கேயோ யாரும் கவனிக்காமல் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய பியட் மெல்ல மெல்ல முன்னேறி வந்ததைப் பார்த்து அவர் என் தோளைத் தட்டிக் காட்டியதும், இயந்திரத்தை வருத்தாமல் அதனிடம் வேலை வாங்கத் தெரிந்தவனே ஓட்டுநன் என்று அவர் எனக்கு விளக்கியதும் என் தொழிலுக்கே அஸ்திவாரமாக அமைந்தன.

நீண்ட பந்தயங்களைப் பற்றி மேலும் அறிய வேண்டும் என்ற ஆசையினால்தான் மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் அட்டை கிழிந்த அந்நியநாட்டு மோட்டார் சஞ்சிகைகளைத் தேடி வாங்கி, எழுத்துக் கூட்டி வாசித்தேன். பிரான்ஸ் தேசத்தில் லெ மான் என்ற ஊரில் 1923-ஆம் வருஷம் முதல் இருபத்துநான்கு மணி நேரம், அதாவது ஒரு முழுப் பகலும் ஒரு முழு இரவும், ஓட்டுநர்கள் முறைவைத்து மாறி மாறி ஓட்டுகிற பந்தயம் ஒன்று நடந்து வருவதை அப்படித்தான் அறிந்தேன். எது அதிக வேகமாக ஓடுகிறது என்பதோடு எது கடைசிவரை தாங்குகிறது என்பதையும் சோதிக்கிற பந்தயம் அது. இன்று நீங்கள் ஏறி வருகிற மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தில் இருக்கிறதே டிஸ்க் பிரேக், அந்த வகைப் பிரேக்கைப் பொருத்திய ஜாகுவார் கார் 1953-ல் லெ மானில் வெற்றி பெற்ற பிறகுதான், அதன் மகிமையை உலகம் நன்றாக உணர்ந்தது. வேகமாகப் போவதற்கு நிகராக, வேண்டிய இடத்தில் நிற்கத் தெரிவதும் நீண்ட பந்தயத்தை ஜெயிக்கும் வித்தை என்பதற்கு அது ஒரு சாட்சி.

அதே லெ மானில் 1969-ல் நடந்த ஒரு சம்பவத்தை நீங்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அந்தக் காலத்தில் ஓட்டுநர்கள் சாலையின் ஒரு பக்கத்தில் நிற்க, எதிர்ப்பக்கத்தில் கார்கள் வரிசையாக நிற்கும். கொடி விழுந்ததும் எல்லோரும் தலைதெறிக்க ஓடிப்போய்க் காரில் தாவி ஏறிக் கிளப்ப வேண்டும். அந்த அவசரத்தில் பாதுகாப்புப் பட்டையைக்கூடச் சரியாகக் கட்டிக்கொள்ளாமல் பலர் புறப்பட்டுவிடுவார்கள். இருபத்துநான்கு வயதே நிரம்பிய ஜாக்கி இக்ஸ் என்ற பெல்ஜிய வாலிபர், அந்த முறை தவறு என்று காட்டுவதற்காக, மற்றவர்கள் ஓடும்போது தாம் மட்டும் நிதானமாக நடந்துபோய், பட்டையை முறையாகக் கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கடைசியாகக் கிளம்பினார். முதல் சுற்று முடிவதற்குள் ஜான் உல்ஃப் என்ற ஓட்டுநர் விபத்தில் மாண்டார். மறுநாள் பிற்பகலில், இருபத்துநான்கு மணி நேரமும் ஓடி முடிந்தபோது, சுமார் நூற்றிருபது மீட்டர் தூர வித்தியாசத்தில் வென்ற கார், நடந்துபோய் ஏறிய அந்த இக்ஸின் கார்தான். அந்தப் பழைய புறப்பாட்டு முறையும் அத்துடன் ஒழிந்தது. கடைசியாகக் கிளம்பியவன் முதலாவதாக முடித்த அந்தக் கதையை நான் வாசித்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை.

இவையெல்லாம் அந்நிய தேசத்து விஷயங்கள் என்று நீங்கள் நினைக்க வேண்டாம். சென்னையில் பிறந்த கருண் சந்தோக் 2012-ல் அதே லெ மானில் ஓட்டி, அந்தப் பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியர் என்ற பெருமையைப் பெற்றார்; அவருடைய அணி ஆறாவது இடத்தைப் பெற்றது. அவருடைய பாட்டனார் சோழவரம் பந்தயங்களை நடத்திய சங்கத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர். கோயமுத்தூரில் கரிவரதன் என்ற மேதை, மாருதி 800 காரின் எஞ்சினையே வைத்து, செலவு குறைந்த பந்தயக் கார்களைக் கட்டி, சாமானிய வீட்டுப் பிள்ளைகளும் பந்தயத்துக்கு வரும் வழியைத் திறந்துவிட்டார். 1995-ல் விமான விபத்தில் அவர் காலமானார் என்றாலும், செட்டிபாளையத்தில் அவர் பெயரால் பந்தயக் களம் இன்றும் விளங்குகிறது. அவர் திறந்த வழியில் நடந்து, 2005-ல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியரானார் கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன். சோழவரத்து ஓடுபாதையின் காலம் முடிந்து, 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே நிரந்தரக் களம் அமைந்ததும் இந்த மனிதர்களைப் போன்றவர்களின் அயராத உழைப்பினால்தான். நம்முடைய மாகாணத்தில் வேகத்துக்கு ஒரு வீடு இருக்கிறது என்பதை நீங்கள் மறந்துவிடக்கூடாது என்பதற்காகவே இந்தப் பெயர்களையெல்லாம் நினைவூட்டுகிறேன்.

உங்களில் பலருடைய வண்டிகளில் நடிகர் அஜித்குமாரின் படத்தைப் பார்க்கிறேன். அவரிடம் உங்களுக்குள்ள அபிமானத்தை நான் மதிக்கிறேன். ஆகையால் அவரையே சாட்சிக்கு அழைக்கிறேன். 2025 ஜனவரியில் துபாயில் நடந்த இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்துக்கு முன், ஒத்திகையின்போது அவருடைய கார் தடுப்புச் சுவரில் மோதிச் சுழன்று சின்னாபின்னமாயிற்று. அவரோ காயமின்றி வெளியே வந்தார். காரின் உள்ளே இரும்புக் கூண்டும், உடலைப் பிணைத்த பட்டைகளும், மோதுவதற்கென்றே அமைந்த சுவரும், எதிரே யாரும் வராத பாதையும் அவரைக் காப்பாற்றின. அதன்பின் அவர் செய்த காரியம்தான் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது: தம்முடைய பெயரையே தாங்கிய அணியின் நன்மையைக் கருதி, அந்தக் காரை ஓட்டும் பொறுப்பிலிருந்து தாமே விலகிக்கொண்டு, மற்ற ஓட்டுநர்களிடம் அதை விட்டுக்கொடுத்தார், அந்த அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. லட்சக்கணக்கான ரசிகர்கள் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு மனிதர், இந்தத் தருணத்தில் நான் ஓட்டுவதைவிட ஓட்டாதிருப்பதே நல்லது என்று தீர்மானிப்பதற்கு எவ்வளவு மனோதிடம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அவரைப் பின்பற்ற வேண்டுமானால் அந்த இடத்திலல்லவா பின்பற்ற வேண்டும்?

இனி எங்கள் சாலைக்கு வருகிறேன். கொல்லிமலையின் பதினான்கு நாடுகளில் வாழ்கிற எங்களுக்கு, நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ இறங்குவதற்கு அந்த எழுபது வளைவுகளே பிரதான வழி. பிரசவ வேதனைப்படும் பெண்ணை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் அந்த வழியாகத்தான் இறங்குகிறது. பலாப்பழமும் அன்னாசியும் வாழைத்தாரும் ஏற்றிய வண்டிகள் அந்த வழியாகத்தான் சமவெளிக்குப் போகின்றன. படிக்கட்டு வரை ஜனங்கள் நிறைந்த பஸ், ஒவ்வொரு வளைவிலும் முழுச் சாலையையும் எடுத்துக்கொண்டுதான் திரும்ப முடிகிறது. மேலே வந்தால், சோளக்காட்டுச் சந்தைக்குத் தலைச்சுமையோடு நடக்கிற மூதாட்டிகளும், புத்தகப் பையைச் சுமந்து ஓரமாகப் போகிற பள்ளிப் பிள்ளைகளும், கயிறில்லாமல் மேய்கிற மாடுகளும் அதே சாலையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட உங்கள் பந்தயத்துக்குச் சம்மதம் கொடுத்தவரல்லர். சோழவரத்துக் களத்தில் இறங்கியவன் அபாயத்தை அறிந்து, மனமொப்பி, தன் பெயரைக் கொடுத்துவிட்டு இறங்கினான். இங்கேயோ வளைவின் மறுபுறத்தில் வருகிறவனுக்கு, தான் ஒரு பந்தயத்தின் நடுவில் வந்துகொண்டிருக்கிறோம் என்பதே தெரியாது. என் மனத்தாங்கல் முழுவதையும் ஒரு வாக்கியத்தில் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன்.

உங்கள் சைலன்சர்களை மாற்றியமைத்துக்கொண்டு நீங்கள் எழுப்புகிற பேரொலி மலை முழுவதும் எதிரொலித்து, தொட்டிலில் உறங்கும் குழந்தையைத் திடுக்கிட வைக்கிறது. வளைவில் திரும்பிக்கொண்டிருக்கிற பஸ்ஸை உட்புறமாக முந்துகிறீர்கள். ஓட்டுநர் பதறிப்போய்ப் பிரேக்கை மிதிக்கிறபோது உள்ளே நிற்கிற ஜனங்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்கிறார்கள். ஒரு மழைக்காலத்து மாலையில், இறக்கத்தில் வேகமாக வந்து வளைவில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்த ஒரு வாலிபனை, எங்கள் ஆட்கள் கயிறு கட்டி இறங்கித் தூக்கிவந்து, வேட்டியைக் கிழித்துக் கட்டுப்போட்டு, செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது நானும் உடனிருந்தேன். அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டான். ஆனால் வழி நெடுக அவன் தன் தாயாரிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சிக்கொண்டே வந்தது என் நெஞ்சைப் பிளந்தது. அவனைச் சுமந்து வந்த எங்கள் வாலிபர்களுக்கும் வீட்டில் தாயார் இருக்கிறார்கள்; அவர்களும் அந்த இருட்டில், அந்த வழுக்குப் பாறையில், தங்கள் உயிரைப் பணயம் வைத்துத்தான் இறங்கினார்கள் என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நீங்கள் சொல்லக்கூடிய சமாதானங்களும் எனக்குத் தெரியாதவையல்ல. நாங்கள் திறமையாக ஓட்டுகிறோம், எங்களுக்கு ஒன்றும் நேராது என்பீர்கள். இருங்காட்டுக்கோட்டைக் களத்தில், டாக்டரும் ஆம்புலன்சும் கொடி காட்டும் அதிகாரிகளும் தயாராக நிற்கிறபோதே, 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் நீண்டகால அனுபவமுள்ள கார் ஓட்டுநர் ஒருவரும், ஆகஸ்டில் பதின்மூன்று வயதே நிரம்பிய மோட்டார் சைக்கிள் வீரன் ஒருவனும் விபத்தில் இறந்துபோனார்கள். அந்தப் பந்தய தினங்களின் மற்ற நிகழ்ச்சிகள் துக்கத்தோடு நிறுத்தப்பட்டன. அனுபவமும் திறமையும், அவற்றைச் சுற்றி அத்தனை காவலும் இருந்த இடத்திலேயே மரணம் நுழைந்துவிட்டதென்றால், ஒருபுறம் பாறையும் மறுபுறம் பாதாளமும் எதிரே பஸ்ஸும் இருக்கிற இடத்தில் திறமையை மட்டும் நம்பி இறங்குவதைத் தைரியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சாலையில் பந்தயம் நடப்பதில்லையா, சென்னையிலேயே நடந்ததே என்றும் கேட்பீர்கள். நடந்தது உண்மை. 2024 ஆகஸ்டு கடைசி நாளில் தீவுத்திடலைச் சுற்றி இரவில் அந்தப் பந்தயம் ஆரம்பமாயிற்று. ஆனால் சாலைகளை முற்றிலும் அடைத்து, இருபுறமும் தடுப்புச் சுவர்களை எழுப்பி, அரசாங்கமே முன்னின்று நடத்திய அந்தப் பந்தயத்தில்கூட, சர்வதேச மோட்டார் சங்கத்தின் பாதுகாப்புச் சான்று கைக்கு வரும்வரை கார்கள் மணிக்கணக்காகக் காத்துக்கொண்டு நின்றன. சர்க்காரே ஒரு சான்றுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும்போது, நாலைந்து நண்பர்கள் தங்களுக்குள் கைத்தட்டிக்கொண்டு ஒரு மலைப்பாதையைப் பந்தயக் களமாக்கிவிடலாம் என்பது எந்த நியாயத்தில் சேரும்? அனுமதியின்றிப் பொதுச் சாலையில் வேகப்போட்டி நடத்துவது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றமும் ஆகும். ஆனால் சட்டத்தின் பயத்தினால் நீங்கள் நிறுத்த வேண்டும் என்று நான் விரும்பவில்லை; மனச்சாட்சியினால் நிறுத்த வேண்டும் என்றே விரும்புகிறேன்.

களத்துக்குப் போகப் பணமும் பிரயாணமும் வேண்டுமே என்பது உங்கள் வாதங்களில் எனக்கு மிகவும் நியாயமாகப் படுவது. பட்டறைப் பையனாக இருந்த நான் அதை ஒருபோதும் அலட்சியம் செய்யமாட்டேன். ஆனால் உயர்ந்த விலைக்கு வண்டி வாங்கி, அதற்கு ஏற்ற உடையும் காமிராவும் வாங்கி, வாரந்தோறும் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு இவ்வளவு தூரம் வருகிற நீங்கள், அந்தச் செலவில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்தால், செட்டிபாளையத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ பயிற்சி பெறுவது எட்டாத காரியமாக இருக்காது. அங்கே நல்ல ஆசான்கள் உங்கள் தவறுகளைக் கண்டு திருத்துவார்கள். நேரத்தை அளக்கும் கருவி உங்களோடு பொய் பேசாது. அங்கே நீங்கள் பெறுகிற ஒரு விநாடியின் முன்னேற்றம், இந்த மலையில் உயிரைப் பணயம் வைத்துப் பெறுகிற பத்து நிமிஷத்தைவிடக் கௌரவமானது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீண்ட பந்தயத்தின் மகத்துவத்தைக் கண்ணால் காண வேண்டுமானால், அதற்காக நீங்கள் பிரான்சுக்குப் போக வேண்டாம். நாமக்கல் லாரி ஓட்டுநர்களைப் பாருங்கள். எங்கள் மலையடிவாரத்துப் பட்டணத்திலிருந்து புறப்பட்டு, இந்தியாவின் வடகோடி வரை, வெயிலிலும் பனியிலும் பாரத்தைச் சுமந்து, நாட்கணக்காக ஓட்டி, பாரத்தையும் வண்டியையும் பத்திரமாகச் சேர்த்துவிட்டுத் திரும்பி வருகிறவர்கள் அவர்கள். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்று அவர்கள் புதிதாக வருகிற கிளீனர் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடத்தில் ஒரு முழு விஞ்ஞானம் அடங்கியிருக்கிறது: இறக்கத்தில் பிரேக்கை ஓயாமல் பிடித்துக்கொண்டு வந்தால், அது சூடேறிச் சூடேறி, முக்கியமான வளைவில் பிடிமானத்தை இழந்துவிடும், கியரைக் குறைத்து எஞ்சினையே வண்டியைத் தாங்கச் செய்தால், பிரேக் அவசரத்துக்கு மிச்சமிருக்கும். லெ மானில் ஒரே ஓட்டுநர் ஆறு மணி நேரத்துக்குள் நான்கு மணி நேரத்துக்குமேல் ஓட்டக்கூடாது என்று விதி வகுத்திருக்கிறார்கள். களைப்பு எவ்வளவு பெரிய அபாயம் என்பதை அவர்கள் உணர்ந்ததன் விளைவு அது. இரவெல்லாம் ஓட்டிவந்து, உறக்கக் கலக்கத்தோடு விடியலில் முதல் வளைவைத் தொடுகிற நீங்கள் இந்த விதியைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர் என்பது சங்க நூல்கள் சொல்லும் செய்தி. வேகமான குதிரையையும் வலிமையான வில்லையும் உடையவன் அவன். ஆனால் கடையெழு வள்ளல்களில் ஒருவனாக அவனை உலகம் இன்றும் போற்றுவது, தன்னை நாடி மலையேறி வந்தவர்களுக்கு அவன் கொடுத்த கொடையினால்தான். அவனுடைய நாட்டில் விருந்தினரை வரவேற்பது எங்கள் குலதர்மம். நீங்கள் வர வேண்டாம் என்று ஒருபோதும் நான் சொல்லமாட்டேன். அறப்பளீசுவரர் சந்நிதியில் வணங்கவும், ஆகாயகங்கையின் அருவியைக் காணவும், சாமையும் தினையும் விளைகிற எங்கள் காடுகளின் காற்றைச் சுவாசிக்கவும் நீங்கள் வருவதில் எங்களுக்குப் பெருமையே உண்டு.

ஆகவே நான் உங்களிடம் பகிரங்கமாகக் கேட்டுக்கொள்வது இதுதான். காரவள்ளியிலிருந்து மேலே வருகிற வழியை இனி நேரம் பார்த்து ஏறாதீர்கள். இத்தனை நிமிஷத்தில் ஏறினேன் என்ற படங்களை எடுக்காதீர்கள், பிறர் எடுத்தவற்றைப் புகழாதீர்கள். ஏனென்றால் உங்கள் புகழ்மொழியே அடுத்து வருகிற பதினெட்டு வயதுப் பையனுக்குச் சவாலாகிறது. இறங்குகிறவன் ஏறுகிறவனுக்கு வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலையின் விதி. அதை ஒவ்வொரு வளைவிலும் அனுஷ்டியுங்கள். வளைவுக்கு முன் ஒலி எழுப்பி, உங்கள் ஓரத்தைவிட்டு விலகாமல் திரும்புங்கள். பஸ்ஸும் ஆம்புலன்சும் வந்தால் நின்று வழிவிடுங்கள். மாற்றியமைத்த சைலன்சர்களைக் கழற்றி, வண்டியோடு வந்தவற்றையே மீண்டும் பொருத்துங்கள். உறங்கி எழுந்து, பகலில் வந்து, பகலில் இறங்குங்கள். வேகத்தின் தாகம் அடங்கவில்லையானால், அதற்கென்று பெரியவர்கள் அமைத்து வைத்திருக்கிற களங்களுக்குப் போங்கள். அங்கே உங்களில் ஒருவர் வெற்றிக் கொடியைக் காணும் நாளில், இந்த மலையிலிருந்து முதல் ஆசீர்வாதம் என்னுடையதாக இருக்கும்.

மோட்டார் சைக்கிள் சங்கங்களை நடத்துகிறவர்களே, உங்களிடம் தனியாக ஒரு விண்ணப்பம். உங்கள் சொல்லுக்குப் பின்னால் வருகிறவர்கள் பலர். வருகிற ஆடி மாதம் பதினேழு, பதினெட்டில் வல்வில் ஓரி விழாவுக்கு மலை முழுவதும் ஜனங்கள் திரள்வார்கள். சாலை முழுவதும் குடும்பங்களும் குழந்தைகளுமாக இருக்கும். அந்த விழாவுக்கு முன்பே உங்கள் அங்கத்தினர் அனைவரையும் கூட்டி, கொல்லிமலைச் சாலையில் பந்தயம் ஓட்டுவதில்லை, ஓட்டுகிறவனைச் சங்கத்தில் வைத்துக்கொள்வதுமில்லை என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றி, அதில் ஒவ்வொருவரும் கையொப்பமிட்டு, எல்லோரும் காணும்படி வெளியிடுங்கள். முதலில் ஒரு சங்கம் செய்தால் மற்றவை பின்தொடரும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த முதல் சங்கம் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்று மிகுந்த பணிவோடும் அன்போடும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்
ஆலத்தூர் நாட்டு முதியவன்